பன்னிரண்டு நாள் விளம்பரக்காரிகள்

காலையில் எழுந்து பல் துலக்கும்போதே பற்பசைக் குழாயில் ஒரு விளம்பரம் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. பள்ளிக்குப் புறப்பட்டால் பேருந்தின் முதுகில் ஒன்று, மருந்துக் கடைப் பலகையில் ஒன்று, திருவிழாப் பந்தலில் பத்து. வீட்டுக்கு வந்து அப்பாவின் கைப்பேசியைத் தொட்டால் எண்ணற்றவை. ஏன், நாம் வீட்டுக்கணக்குப் போடும் நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையும் விளம்பரமே! இவ்வளவு விளம்பரங்களையும் யார் எழுதுகிறார்கள், யார் வரைகிறார்கள், எப்படிக் கூடி உழைக்கிறார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? சென்ற மே விடுமுறையில் அதை அருகிலிருந்து காணும் வாய்ப்பு எங்கள் ஐவருக்குக் கிட்டியது. அங்கே நாங்கள் கற்றது விளம்பரக் கலையைவிடப் பெரிய ஒன்று. அதை நம் பள்ளி மலரில் பகிர்ந்துகொள்வது எங்கள் கடமை என எண்ணி இதை எழுதுகிறோம்.

நம் பள்ளியின் முன்னாள் மாணவி ஒருவர் தூத்துக்குடியில் சிறிய விளம்பர நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறார். ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் தலைமையாசிரியை சிஸ்டர் எங்கள் ஐவரையும் அழைத்து, பன்னிரண்டு நாள் அங்கே சென்று வேலை கற்று வர விருப்பமா என்று கேட்டார்கள். பெற்றோர் கையொப்பம் வேண்டும், காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை இருக்க வேண்டும், சம்பளம் கிடையாது, நாள்தோறும் கண்டதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். இவையே நிபந்தனைகள். விடைபெறும்போது சிஸ்டர், “பார்ப்பதற்கு மட்டும் போகாதீர்கள், பயன்படுவதற்கும் போங்கள்” என்றார்கள்.

விளம்பர நிறுவனம் என்றதும் கண்ணாடி மாளிகையும் குளிரூட்டப்பட்ட அறைகளும் நடிகர் நடிகையரும் எங்கள் கற்பனையில் வந்து போயினர். சென்று பார்த்தாலோ ஒரு பெயின்ட் கடையின் மாடியில் இரண்டே அறைகள்! இயக்குநர் அக்காவையும் சேர்த்து ஒன்பது பேர். நாற்பதாண்டு பத்திரிகைகளில் பணியாற்றிய எழுத்தாளர் ஐயா ஒருவர், கணினியில் படம் அமைக்கும் ஓவியர் அண்ணாக்கள் இருவர், வாடிக்கையாளரிடம் சென்று பேசும் அக்காக்கள் இருவர், அச்சகத்துக்கும் அலுவலகத்துக்கும் ஓடும் அண்ணன் ஒருவர், கணக்கு அக்கா, தேநீர் கொண்டு வரும் அண்ணாச்சி. எங்கள் ஐவருக்கும் ஒரு நீண்ட மேசையும் ஒரு பழைய மின்விசிறியும் ஒதுக்கப்பட்டன. அந்த மின்விசிறி காற்றைவிட ஓசையையே மிகுதியாக வழங்கியது!

முதல் நாள் எங்களுக்குக் காட்டப்பட்டது ஒரு தாள். அதை அங்கே ‘பிரீஃப்’ என்கிறார்கள். எந்த வேலை வந்தாலும் முதலில் அந்தத் தாளை நிரப்ப வேண்டும். அதில் ஆறு கேள்விகள். இந்தப் பொருளை யார் வாங்குவார்கள்? இப்போது அவர்கள் எதை வாங்குகிறார்கள்? நாம் அவர்களிடம் சொல்ல வேண்டிய ஒரே செய்தி எது? அதை அவர்கள் ஏன் நம்ப வேண்டும்? எந்த நாளுக்குள் முடிக்க வேண்டும்? எவ்வளவு பணம் இருக்கிறது? இந்த ஆறுக்கும் விடை எழுதாமல் எவரும் ஒரு வரி எழுதவோ ஒரு கோடு போடவோ கூடாது. “நான்காம் கேள்விதான் கடினம். அங்கே பொய் சொன்னால் மற்ற ஐந்தும் வீண்” என்றார் இயக்குநர் அக்கா. அது எவ்வளவு உண்மை என்பது எட்டாம் நாள்தான் எங்களுக்கு விளங்கியது.

அந்த அலுவலகத்தில் சுவரில் எழுதி ஒட்டப்படாத மூன்று விதிகள் இருந்தன. முதல் விதி: கூட்டத்தில் வயதில் இளையவரே முதலில் பேச வேண்டும். பெரியவர் முதலில் பேசிவிட்டால் சிறியவர்கள் “ஆமாம், ஆமாம்” என்று தலையாட்டி விடுவார்களாம். இரண்டாம் விதி: “நன்றாக இல்லை” என்று யாரும் சொல்லலாம், ஆனால் ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாம் விதி: முடிவு எடுத்த பின் ‘என் யோசனை’, ‘அவள் பிழை’ என்னும் பேச்சே கிடையாது, எல்லாம் ‘நம் வேலை’.

இவை பேச்சளவில் நிற்கும் விதிகளோ என்று நாங்கள் ஐயுற்றோம். இரண்டாம் நாளே ஐயம் நீங்கியது. ஒரு கண் மருத்துவ முகாமுக்கான சுவரொட்டி எல்லோருக்கும் காட்டப்பட்டது. நாங்கள் ஐவரும் ஆளுக்கொன்று கூறினோம். பிறகு அக்கா, தேநீர் கொண்டு வந்த அண்ணாச்சியைப் பார்த்து, “நீங்க என்ன நினைக்கிறீங்க அண்ணாச்சி?” என்று கேட்டார். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார். “படம் நல்லாருக்கு. ஆனா எழுத்து பொடிசா இருக்கே. கண்ணு தெரியாத ஆளுக்குத்தானே இது? எங்க அம்மாவால இதைப் படிக்க முடியாது” என்றார். அறையில் பெருஞ்சிரிப்பு எழுந்தது. ஆனால் அது ஏளனச் சிரிப்பன்று. ஓவியர் அண்ணா அப்போதே எழுத்தைப் பெரிதாக்கினார். அன்றுமுதல் எந்தச் சுவரொட்டி வந்தாலும், “அண்ணாச்சியின் அம்மா படிப்பார்களா?” என்பதே அந்த அலுவலகத்தின் முதற் சோதனை ஆயிற்று.

மதிய உணவு வேளைதான் எங்களுக்குப் பாட வேளை. எழுத்தாளர் ஐயா தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே விளம்பர உலகின் வரலாற்றைக் கூறுவார். 1949ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் வில்லியம் பெர்ன்பாக் என்பவர், நெட் டாயில், மாக்ஸ்வெல் டேன் என்னும் இருவருடன் சேர்ந்து ஒரு விளம்பர நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்குமுன் பெரும்பாலான நிறுவனங்களில் எழுதுபவர் ஓர் அறையில் எழுதி முடித்து, வரைபவரின் அறைக்குத் தாளை அனுப்பிவிடுவார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. பெர்ன்பாக் அந்தச் சுவரை இடித்தார். எழுதுபவரும் வரைபவரும் ஒரே மேசையில் அமர்ந்து சேர்ந்தே சிந்திக்க வேண்டும் என்றார். வரைபவர் நல்ல வரி ஒன்றைச் சொல்லலாம். எழுதுபவர் நல்ல படம் ஒன்றைச் சொல்லலாம். யார் சொன்னது என்பது முக்கியமன்று. அந்த நிறுவனத்தில் எழுத்துப் பிரிவின் முதல் தலைவராக இருந்தவர் ஃபிலிஸ் ராபின்சன் என்னும் பெண்மணி என்று கேட்டபோது எங்கள் முகம் மலர்ந்தது.

அந்த மேசையில் பிறந்த விளம்பரங்களுள் ஒன்று 1959இல் வந்த வோக்ஸ்வாகன் கார் விளம்பரம். பெரிய கார்களையே அமெரிக்கர்கள் விரும்பிய காலம் அது. விற்க வேண்டிய காரோ மிகச் சிறியது. எழுதிய ஜூலியன் கோனிக்கும் வடிவமைத்த ஹெல்முட் க்ரோனும் என்ன செய்தார்கள் தெரியுமா? சிறிய காரைப் பெரிதாகக் காட்ட முயலவில்லை. பக்கம் முழுவதும் வெறுமையாக விட்டு, ஒரு மூலையில் காரை இன்னும் சிறியதாக வைத்தார்கள். சிறியதாக இருப்பதன் நன்மையை நேர்மையாக எழுதினார்கள். அந்த விளம்பர வரிசையையே இருபதாம் நூற்றாண்டின் முதல்தர விளம்பரமாக 1999இல் ‘அட்வர்டைசிங் ஏஜ்’ என்னும் இதழ் தேர்ந்தெடுத்தது.

1962இல் ஏவிஸ் என்னும் வாடகைக் கார் நிறுவனத்துக்கு அதே இடத்தில் பாலா கிரீன் என்னும் பெண்மணி எழுதினார். தொழிலில் அந்த நிறுவனம் முதலிடத்தில் இல்லை. அதை அவர் மறைக்கவில்லை. நாங்கள் இரண்டாம் இடம். ஆகவே இன்னும் முயன்று உழைக்கிறோம் என்னும் கருத்தையே விளம்பரமாக்கினார். தன் குறையைத் தானே ஒப்புக்கொள்ளும் வரியை ஒருவர் துணிந்து எழுத வேண்டுமானால், “எழுது, நாங்கள் இருக்கிறோம்” என்று சொல்லும் தோழர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் அல்லவா?

நம் நாட்டுக் கதையும் உண்டு. புள்ளிச் சட்டை அணிந்த அமுல் வெண்ணெய்ச் சிறுமியை அறியாதார் யார்? 1966இல் பம்பாயில் சில்வெஸ்டர் டகூன்யாவும் ஓவியர் யூஸ்டஸ் ஃபெர்னாண்டஸும் சேர்ந்து அவளைப் படைத்தார்கள். நாட்டு நடப்பைக் கேலி செய்யும் விளம்பரம் சுடச்சுட வெளிவர வேண்டும். ஒப்புதலுக்காகக் காத்திருந்தால் செய்தி பழையதாகிவிடும். ஆகவே, தமக்குக் காட்டாமலேயே வெளியிடும் உரிமையை அமுலின் தலைவர் வர்கீஸ் குரியன் அவர்களுக்கு அளித்தார். சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் பயின்ற அந்தப் பெரியவர் வைத்த நம்பிக்கை வீண்போகவில்லை. டகூன்யா 2023இல் மறைந்தார். அவர் படைத்த சிறுமிக்கோ வயதே ஆகவில்லை. “நம்பிக்கை வைத்தால்தான் வேலை வேகமாக நடக்கும்” என்பது ஐயாவின் முடிவுரை.

இனி எங்கள் கதைக்கு வருவோம். நான்காம் நாள் ஒரு புதிய வேலை வந்தது. திருச்செந்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பதினெட்டுப் பெண்கள் மகளிர் குழுவாகச் சேர்ந்து கருப்பட்டி காய்ச்சுகிறார்கள். அதற்குப் பொட்டலத் தாளும் கடைகளில் தொங்கவிடும் சுவரொட்டியும் வேண்டும். “கருப்பட்டியைப் பார்க்காமல் கருப்பட்டி விளம்பரமா?” என்று கூறி அக்கா எங்களையும் ஓவியர் அண்ணாவையும் வாடகை வேனில் அழைத்துச் சென்றார்.

பனை நம் மாநில மரம் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் செய்தித்தாளில் கண்டிருக்கிறோம். ஆனால் ஒரு கருப்பட்டிக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை அன்றுதான் கண்டோம். ஆண்கள் விடியுமுன் மரமேறி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயங்களில் சேர்ந்த பதநீரை இறக்குகிறார்கள். சுண்ணாம்பு இல்லையேல் அது புளித்துக் கள்ளாகிவிடும். பெண்கள் அதை வடிகட்டி, ஓலைக் குடிசையில் பெரிய பாத்திரத்தில் ஊற்றி, ஓலையும் மட்டையும் எரித்துக் காய்ச்சுகிறார்கள். பதம் தப்பாமல் மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுகிறார்கள். கருப்பட்டியின் அரைவட்ட வடிவம் சிரட்டை தந்த வடிவமே. மே மாத வெயிலும் அடுப்பின் அனலும் சேர்ந்து, பத்து நிமிடத்துக்கு மேல் எங்களால் அங்கே நிற்க முடியவில்லை. குழுத்தலைவி அம்மா முகம் துடைத்துக்கொண்டு வந்து ஆளுக்கொரு குவளை பதநீர் தந்தார். அந்தச் சுவை இன்னும் எங்கள் நாவில் நிற்கிறது.

ஊர் திரும்பி உற்சாகமாக வேலையில் இறங்கினோம். ஏழாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அந்தப் பெண்களிடம் ஐந்நூறு பொட்டலம் வாங்குவதாக ஒப்புக்கொண்டிருந்த மொத்த வியாபாரி ஒருவர் பேசினார். கடைகளில் விற்கும் மற்றப் பொட்டலங்களில் ‘சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது’ என்னும் வரி இருக்கிறது. இதிலும் அது கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையேல் சரக்கை எடுக்க மாட்டேன் என்றார். எழுத்தாளர் ஐயா அவர் கேட்டபடியே அவ்வரியைச் சேர்த்து மறுநாள் கூட்டத்துக்குக் கொண்டு வந்தார்.

எட்டாம் நாள் கூட்டம். வழக்கம்போல் இளையவர்களாகிய எங்கள் முறை முதலில் வந்தது. எங்களுள் ஒருத்தி இயல்பாகவே அதிகம் பேசாதவள். ஆறாம் வகுப்பிலிருந்து உடன் படிக்கும் எங்களிடமே அளந்துதான் பேசுவாள். அவள் தாளைப் பார்த்தபடி, “அந்த ஒரு வரி மட்டும் வேண்டாம் அக்கா” என்றாள்.

“ஏன்மா?” என்றார் அக்கா. இரண்டாம் விதி அல்லவா?

அவள் மெல்லத் தொடங்கினாள். “எங்க ஆச்சிக்குச் சர்க்கரை நோய். சீனியை நிறுத்தச் சொன்னாங்க. கருப்பட்டிக் காப்பி நல்லதுதானேன்னு நாலு வருஷமா மூணு வேளையும் குடிச்சாங்க. இந்த ஜனவரியில கால் பெருவிரல்ல ஒரு புண் வந்து ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில விரலை எடுத்துட்டாங்க. கருப்பட்டியும் சர்க்கரைதானே, யார் உங்களுக்கு வேற மாதிரி சொன்னதுன்னு டாக்டர் கேட்டாரு. ஆச்சி வீட்டிலேருந்து பாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லி, அதிலுள்ள வரியைக் காட்டினாங்க.”

மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. அவளுடைய ஆச்சி மருத்துவமனையில் இருந்ததை நாங்கள் அறிவோம். காரணம் இது என்பதை அன்றுதான் அறிந்தோம்.

எழுத்தாளர் ஐயா எழுந்து வந்து அந்தத் தாளை எடுத்தார். “எழுதினவன் நான், அடிக்கிறவனும் நானாகவே இருக்கட்டும்” என்று கூறி, சிவப்புப் பேனாவால் அவ்வரியைக் குறுக்கே அடித்தார். பிறகு அவளிடம், “நன்றி அம்மா” என்றார். அறுபது வயதைக் கடந்தவர் பதினைந்து வயதுப் பெண்ணிடம் கூறிய நன்றி அது. அவர் முகத்தில் சினமோ வெட்கமோ இல்லை. வேறு எவரும் அவரைக் குறை கூறவும் இல்லை.

அக்கா எங்களுக்கு விளக்கினார். கருப்பட்டியில் சிறிது தாதுச் சத்துக்கள் இருந்தாலும் அதன் பெரும்பகுதி சர்க்கரையே. இரத்தத்தில் சர்க்கரையின் அளவை அது உயர்த்தவே செய்யும். உணவைப் பற்றி மக்களைத் தவறாக நம்பவைக்கும் விளம்பரத்துக்கு, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி 10 இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். “சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதை எடுக்கவில்லை. நான்காம் கேள்விக்கு இந்த வரியிடம் பதில் இல்லை” என்றார். பிறகு வியாபாரியைத் தொலைபேசியில் அழைத்தார். “நாங்கள் எல்லோரும் பேசி முடிவு செய்தோம். அந்த வரியை எங்களால் எழுத முடியாது” என்றார். ‘ஒரு மாணவி சொன்னாள்’ என்று அவர் சொல்லவே இல்லை. மூன்றாம் விதியின் பொருள் எங்களுக்கு அப்போது முழுமையாகப் புரிந்தது. ஒருத்தியின் ஆட்சேபம் ஒன்பது பேரின் ஆட்சேபமாகிவிட்டது. அவள் தனியாக நிற்க நேரவில்லை.

வியாபாரி கோபித்துக்கொண்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போதுதான் உண்மையான சோதனை. உண்மை பேசிய மகிழ்ச்சி நமக்கு. விற்காமல் நிற்கும் ஐந்நூறு பொட்டலமோ அடுப்படியில் வெந்த அந்தப் பதினெட்டுப் பெண்களுக்கு! எங்கள் முகம் வாடியதைக் கண்ட அக்கா, “நாம் பேசிய உண்மைக்கு அவர்கள் மட்டும் விலை கொடுக்கக் கூடாது” என்றார். கணக்கு அக்கா பேரேட்டைத் திறந்தார். இந்த வேலைக்கான கூலியை விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டார். “இயக்குநர் அறைக்கு ஏசி வாங்குவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினால் போதும்” என்றார். “மின்விசிறியே எனக்குப் பழகிவிட்டது” என்றார் அக்கா. அன்றே குழுத்தலைவி அம்மாவிடம் நடந்தது அனைத்தையும் மறைக்காமல் கூறினார்.

மறுமுனையில் சிறிது மௌனம். பிறகு அந்த அம்மாவின் குரல் கேட்டது. “பொய் எழுதி விக்கிறதுக்கு நாங்க எதுக்கும்மா விடியக்காலம் அடுப்புக்கிட்ட நிக்கணும்? இனிப்பை இனிப்புன்னே போடுங்க. எங்க கை காய்ச்சினதுன்னு போடுங்க. அது போதும்.”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒன்பதாம் நாளும் பத்தாம் நாளும் அந்த அறையே ஒரு தேனடையாயிற்று. ஐயா நீண்ட வாக்கியம் ஒன்றை எழுதினார். அழகாக இருந்தது, ஆனால் நீளம். எங்களுள் ஒருத்தி அதில் பாதியை வெட்டினாள். ஆச்சியைப் பற்றிக் கூறியவள், “‘இதுவும்’ என்று தொடங்கலாமா?” என்று கேட்டாள். குழுத்தலைவி அம்மாவின் சொற்கள் தாமே வந்து மீதியில் அமர்ந்தன. முடிவில் நின்றது இதுதான்: ‘இதுவும் இனிப்புதான். எங்கள் கை காய்ச்சிய இனிப்பு.’ ஓவியர் அண்ணா, மதிய வேளைப் பாடத்தை மறக்காதவராய், பெரிய வெள்ளைத் தாளின் நடுவே ஒரே ஒரு கருப்பட்டியை மட்டும் வைத்தார். அடியில், ‘சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு உண்க’ என்னும் வரி. அது எவ்வளவு பெரிய எழுத்தில் வர வேண்டும் என்பதைத் தேநீர் அண்ணாச்சியே தீர்மானித்தார்!

யார் எழுதிய விளம்பரம் இது? எண்ணிப் பார்த்தால் எங்களால் இன்றும் விடை கூற முடியவில்லை. அவ்வரியில் எழுத்தாளர் ஐயாவும் இருக்கிறார். எங்கள் தோழியும் இருக்கிறாள். பள்ளி வாசலையே மிதிக்காத குழுத்தலைவி அம்மாவும் இருக்கிறார்.

கதைகளில் வருவதுபோல் வியாபாரி மனம் மாறி ஓடி வந்து ஐந்நூறையும் வாங்கவில்லை. சுவரொட்டியைப் பார்த்துவிட்டு இருநூறு மட்டும் எடுத்துக்கொண்டார். நம் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தன்று சிஸ்டர் அனுமதியுடன் நூற்றிருபது பொட்டலம் விற்றோம். மீதி நூற்றெண்பதையும் இரண்டு மளிகைக் கடைகளில் வைத்தார்கள். மழைக்காலம் வந்தால் கருப்பட்டி ஈரத்தில் கசியும் என்று எல்லோரும் கவலைப்பட்டோம். புரட்டாசி பிறக்குமுன் கடைசிப் பொட்டலமும் விற்றுவிட்டது என்று செய்தி வந்த நாளில்தான் நாங்கள் ஐவரும் நிம்மதியாக மூச்சு விட்டோம். கடைகளில் அந்தப் பழைய வரி அச்சிட்ட பொட்டலங்கள் இன்னும் இருக்கத்தான் செய்கின்றன. அவற்றைக் காணும்போதெல்லாம், நான்காம் கேள்வியைக் கேட்க அங்கே ஒருவர்கூட இல்லாமற் போனாரே என்று எண்ணிக்கொள்கிறோம்.

அன்புத் தோழியரே! கூடி உழைப்பது என்றால் எல்லோரும் எல்லாவற்றுக்கும் கை தட்டுவது என்றே நாம் பலநேரம் எண்ணுகிறோம். கலைவிழா நாடகமாயினும் அறிவியல் கண்காட்சியாயினும், “சண்டை வேண்டாம்” என்று எண்ணி, மனத்தில் பட்டதைச் சொல்லாமல் விழுங்கிவிடுகிறோம். அது நட்பன்று. தவறு கண்டபோது இடித்துச் சொல்வார் இல்லாத மன்னன், கெடுப்பார் இல்லாமலே கெடுவான் என்னும் கருத்தைத் திருவள்ளுவர் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் வைத்தார். அந்த மாடி அறையில் நாங்கள் கண்டது, அப்படி இடித்துச் சொல்பவர் மிகச் சிறியவராகவும் இருக்கலாம் என்பதே. ஆனால் அதற்கு மூன்று வேண்டும்: அவள் வாய் திறக்கும்வரை பெரியவர்கள் காத்திருக்கும் பொறுமை, அவள் சொன்னதைக் காரணம் கேட்டு எடைபோடும் நேர்மை, அவள் சொன்னதால் வரும் நட்டத்தை அவள் தலையில் கட்டாமல் எல்லோரும் தோளில் ஏற்கும் துணிவு. மூன்றாவதுதான் அரிது. முதலிரண்டும் இருந்து மூன்றாவது இல்லாவிட்டால், அடுத்த முறை அவள் பேசவே மாட்டாள்.

இந்த ஆண்டு எங்கள் வகுப்பில் எந்தக் குழு வேலையாயினும் கடைசி பெஞ்சிலிருந்து பேச்சைத் தொடங்குகிறோம். வகுப்பாசிரியை சிஸ்டரும் எங்கள் விருப்பத்துக்கு இசைந்துள்ளார்கள். முதலில் மௌனமாக இருந்தவர்களிடமிருந்து இப்போது வரும் யோசனைகளைக் கேட்டால் நீங்கள் வியப்பீர்கள்! பொதுத்தேர்வுக்குப் பின் நாங்கள் ஐவரும் வெவ்வேறு பாடப்பிரிவுகளுக்குப் பிரிந்து செல்ல நேரலாம். எங்களுள் இருவர் விளம்பரத் துறைக்கே செல்வது என்று இப்போதே முடிவு செய்துவிட்டனர். மற்ற மூவர் எங்கே சென்றாலும் அந்த ஆறு கேள்விகளும் மூன்று விதிகளும் உடன் வரும் என்பதில் ஐயமில்லை.



— மாணவி, பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு